சம்பளப் பாக்கிக்கு ஓர் அணி!

வேலை பார்த்த கம்பெனி திவாலாகிவிட்டது. உங்களுக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியோ மலைபோல் நிற்கிறது. என்ன செய்வீர்கள்? 'வந்தவரை லாபம்' என்று கிடைத்ததை வாங்கிக்கொண்டு வேறு வேலை தேடுவீர்கள். அமெரிக்காவில் ஒருவர், 'பாக்கிக்குப் பதிலாகக் கம்பெனியில் பங்கு கொடுங்கள், நானே நடத்துகிறேன்' என்று கேட்டார். கொடுத்துவிட்டார்கள்!

அவர் பெயர் மரியோ லெமியூ. அந்தக் கம்பெனி, 'பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ்' என்ற ஐஸ் ஹாக்கி அணி.

பிட்ஸ்பர்க், இரும்பு உருக்காலைகளால் வளர்ந்த ஊர். 1967-ல் அங்கே களமிறங்கிய பென்குவின்ஸுக்கு ஆரம்பம் முதலே பணக்கஷ்டம். 1975-லேயே ஒருமுறை திவாலாகிப் பிழைத்தது. 1984-ல் கனடாவின் மான்ட்ரியலிலிருந்து 18 வயதுப் பையனாக லெமியூ வந்து சேர்ந்தபோது, புள்ளிப் பட்டியலில் அந்த அணிக்குக் கடைசி இடம். அவர் ஆட ஆட, காலியாகக் கிடந்த அரங்கம் நிரம்பியது. 1991, 1992 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஸ்டான்லி கோப்பை வந்தது. ஐஸ் ஹாக்கியில் அதைவிடப் பெரிய கோப்பை கிடையாது.

1993 ஜனவரியில் ஓர் இடி. லெமியூவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டார். கடைசி சிகிச்சை முடிந்த அன்றே விமானம் ஏறி, ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஆட்டத்தில் இறங்கி கோலும் அடித்தார். அந்த சீசனில் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவரும் அவரே!

மனிதர் இப்படி உழைத்தாலும், அணியில் வரவுக்கு மேல் செலவு. 1992-ல் அவருக்குப் போட்ட ஒப்பந்தம், 7 வருடங்களுக்கு 4.2 கோடி டாலர். கையில் காசில்லாத நிர்வாகம், அதில் பெரும்பகுதியைப் 'பிறகு தருகிறோம்' என்று தள்ளிவைத்தது. 1997-ல் லெமியூ ஓய்வு பெற்றார். 1998-ல் அணி திவால் மனு போட்டது. அவருக்கு வரவேண்டிய பாக்கி 3 கோடி டாலருக்கு மேல்!

திவால் வழக்கில், அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர்களுக்குத்தான் முதல் மரியாதை. அடமானம் இல்லாதவர்கள் பின்வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பின்வரிசையில் பெரிய பாக்கிக்காரர் லெமியூ. அணி கலைந்தால் அவருக்குக் கிடைப்பது சொற்பம். ஊருக்கு அணியே கிடையாது.

எனவே, பாக்கியில் 2 கோடி டாலரைப் பங்காக மாற்றிக்கொண்டு, வேறு முதலீட்டாளர்களையும் சேர்த்து, அணியை வாங்குவதாகத் திட்டம் கொடுத்தார். 1999-ல் நீதிமன்றமும் லீக்கும் சம்மதித்தன. மற்ற கடன்காரர்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட தொகையையும் 2005-க்குள் கொடுத்து முடித்தார்கள்.

இதற்கிடையே, முதலாளியே மறுபடி ஆடவும் வந்தார்! தன் ஆட்டத்தைச் சின்ன மகன் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அதற்கு ஒரு காரணம். 2000 டிசம்பர் 27 அன்று, களமிறங்கிய 33-வது விநாடியில் சக வீரர் கோல் அடிக்கப் பந்து... மன்னிக்கவும், ஐஸ் ஹாக்கியில் அது தட்டையான 'பக்'... எடுத்துக் கொடுத்தார்.

எல்லாமே தியாகம் என்றும் சொல்ல முடியாது. புது அரங்கத்துக்கு அரசு பணம் தர வேண்டும் என்பதற்காக, 'கான்சாஸ் சிட்டிக்குப் போய்விடுவோம்' என்கிற பேச்சு கிளம்பியது. ஊரே பதறியது. அதெல்லாம் நெருக்கடி கொடுக்கத்தான் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். 2007-ல் அரங்கத்துக்கு வழி பிறந்தது; அணியும் ஊரிலேயே தங்கியது. 2009, 2016, 2017-ல் மீண்டும் கோப்பைகள். வீரராகவும் முதலாளியாகவும் ஸ்டான்லி கோப்பை வென்ற ஒரே மனிதர் லெமியூதான்.

2021-ல், லிவர்பூல் கால்பந்து அணியின் உரிமையாளரான ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குரூப் பென்குவின்ஸின் பெரும்பங்கை வாங்கியது. அணியின் மதிப்பு சுமார் 90 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. லெமியூ சிறு பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு, 'சம்பளத்துக்குப் பதில் பங்கு தருகிறேன்' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அந்த அணியின் பலமும் ஓட்டையும் லெமியூவுக்கு 15 வருடப் பழக்கம். மூழ்கும் படகில் துடுப்பைக் கையில் எடுக்கலாம், தப்பில்லை. ஓட்டை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்!