சோதனைக்குச் சம்மதித்தால் சிகிச்சைக்கும் சம்மதமா?

டெல்லி மோதி பாக் அரசுக் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு, டிஸ்பென்சரி டாக்டர் சீட்டு எழுதினால் மறுபேச்சில்லாமல் லேபுக்குப் போய்த்தான் பழக்கம். ‘எதற்கு இந்தச் சோதனை?’ என்று கேட்டால் டாக்டர் தவறாக நினைப்பாரோ என்று தயக்கம். ஆனால் அப்படிக் கேட்பது நோயாளியின் உரிமை. அதை உச்ச நீதிமன்றம் விளக்கியதே ஒரு டெல்லி வழக்கில்தான்.

1995 மே மாதம். நாள்கணக்கில் நீடித்த உதிரப்போக்குக்குக் காரணம் தெரிந்துகொள்ள, 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோபி செய்துகொள்ள வந்தார். அவர் கையெழுத்திட்ட படிவத்தில் லேப்ராஸ்கோபி இருந்தது, தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்பதும் இருந்தது. கருப்பையை எடுப்பது இல்லை. அவர் மயக்கத்தில் இருக்கும்போதே உதவி டாக்டர் வெளியே வந்து தாயாரிடம் கையெழுத்து வாங்கினார். கருப்பையும் இரண்டு சினைப்பைகளும் அகற்றப்பட்டன.

2008 ஜனவரி 16 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன். சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குச் செல்லாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அந்தப் பெண் கண்விழித்தபின் அவரிடமே கேட்டிருக்க வேண்டும். தாயின் கையெழுத்து போதாது என்றது தீர்ப்பு. இழப்பீடு 25,000 ரூபாய். இழந்ததை நினைத்தால் மிகச் சொற்பம். ஆனால் சிகிச்சையின் நோக்கம், மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள், மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அத்தீர்ப்பு வகுத்தது.

சாதாரண ரத்தப் பரிசோதனைக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். ஓய்வுபெற்ற ஆண்களின் ஹெல்த் செக்அப்பில் பல இடங்களில், புரோஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பி.எஸ்.ஏ. சோதனையும் சேர்ந்தே வருகிறது. புற்றுநோய் இல்லாமலே, புரோஸ்டேட் வீங்கினாலோ தொற்று இருந்தாலோகூட ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு கூடும். கூடினால் பயாப்ஸி வரை போகலாம். அதில் ரத்தக்கசிவும் தொற்றும் வர வாய்ப்புண்டு. ஆயுள் முழுக்கத் தொந்தரவே தராத புற்றுநோய் அகப்பட்டு, அதற்கான அறுவையால் சிறுநீர் அடங்காமல் போனவர்களும் உண்டு. உயிர் காப்பாற்றப்பட்டவர்களும் உண்டு. அதனால்தான் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-இல், 55 முதல் 69 வயது வரை டாக்டரிடம் பேசி அவரவர் முடிவெடுக்கட்டும் என்றது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இச்சோதனை வேண்டாம் என்றது.

ஓ.பி.யில் கூட்டம் நெரியும்போது நீண்ட உரையாடலுக்கு டாக்டருக்கு நேரமிருக்காது, உண்மைதான். ஆனால் ‘அளவு கூடியிருந்தால் அடுத்து என்ன செய்வோம் டாக்டர்? இப்போதே எடுக்காவிட்டால் என்ன?’ என்று கேட்க ஒரு நிமிடம் போதும். நெஞ்சுவலியோடு எமர்ஜென்சிக்கு வந்தவருக்கு ஈ.சி.ஜி. எடுப்பதில் இந்த யோசனை வேண்டாம். செக்அப் சீட்டை ஒருநாள் வீட்டில் வைத்து யோசித்துவிட்டுப் போகலாம்.