அதற்கு ஐம்பது ரூபாய் கூடுதல்

பிறந்த ஊருக்கு டூரிஸ்டாகப் போய்ப் பாருங்கள் சார், நம்ம யோக்யதை தெரிந்துவிடும். கொச்சி மட்டாஞ்சேரியில் இறங்கியதுமே ஆட்டோக்காரர்கள், "ஜூ டவுன்? ஸினகாக்?" என்று இங்கிலீஷில் வளைத்துக்கொண்டார்கள். 'பத்து வயசு வரைக்கும் இங்கே டிராயரோடு அலைந்தவன்யா நான்' என்று மலையாளத்தில் சொல்ல வாயெடுத்தேன். தமிழ்தான் வந்தது. அதற்கு ஐம்பது ரூபாய் கூடுதல்.

அப்பா ஜூ டவுனில் ஒரு மிளகு மண்டியில் கணக்கு எழுதினார். தெருவே மிளகு நெடி. ஸ்கூல் விட்டுத் தும்மிக்கொண்டே வருவேன். வாயால் கத்தியே மிளகு வாங்கி விற்கிற எக்ஸ்சேஞ்சும் அங்கேதான். கத்தினால் காசு வரும் என்று நம்பித்தான் பின்னாளில் பி.காம். சேர்ந்தேன். ம்ஹும்.

1998ல் மண்டியை மூடினார்கள். நாங்கள் திருச்சிக்கு மூட்டை கட்டினோம். கடைசி நாட்களில் அப்பா, "மண்டி இன்னும் இருக்கானு ஒரு நடை பாத்துட்டு வாயேன்டா" என்று கேட்டபடி இருந்தார். லீவு கேட்க ஆபீஸே இல்லாத எழுத்தாளன் நான். இருந்தும் போகவில்லை. அவர் போன பிறகுதான் போனேன்.

மனைவியிடம் அளந்துகொண்டே பரதேசி ஸினகாக் வாசலுக்குப் போனால், சாத்தியிருக்கிறது. சனிக்கிழமை! யூதர்களின் ஓய்வு நாள். "ஏங்க, இதுதான் நீங்க பொறந்த ஊரா?" என்றாள்.

பக்கத்தில் 'ஏ.பி. சேலம் ரோடு' என்ற போர்டு. சின்ன வயதில் அவரை நம்ம சேலத்துக்காரர் என்றே நினைத்திருந்தேன். அவர் யூத வக்கீல். தன் பிரிவினருக்கு இந்த ஸினகாகுக்குள் சம இடம் வேண்டும் என்று சத்தியாகிரகம் செய்தவர். யூத காந்தி என்பார்கள். சாமி முன்னாலும் மேல் கீழ் பார்ப்பது நமக்கு மட்டுமே சொந்தமில்லை போலிருக்கிறது.

ஞாயிறன்று டிக்கெட் வாங்கி, செருப்பைக் கழற்றி, உள்ளே. 1568ல் கட்டியது. தரையில் நீல வெள்ளைச் சீன ஓடுகள், ஒன்று போல் ஒன்று இல்லையாம். இங்கேயுள்ள பழைய சொத்து, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு சுமார் 1000ஆம் ஆண்டில் கொடுத்த செப்பேடு. எழுத்து நம்ம வட்டெழுத்து. மொத்தம் 72 உரிமைகள். குடை, பல்லக்கு, பகல் விளக்கு, பாவாடை... தரையில் விரித்து நடக்கிற துணி சார், வேறெதுவும் நினைக்காதீர்கள்.

இவ்வளவு உரிமையும் இருந்து, முறையான பிரார்த்தனைக்கு வேண்டிய பத்து ஆண்கள்தான் ஊரில் இல்லை. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கப்பலோ விமானமோ ஏறிவிட்டார்கள்.

வெளியே வந்து மண்டியைத் தேடினேன். தெரு முழுக்க ஆன்டிக் கடைகள். ஒரு பச்சைக் கதவு அதுபோல் இருந்தது. அடுத்த கதவும் அதுபோலவே இருந்தது. அந்த இரண்டையும் இன்னொருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயசிருக்கும், தலையில் சின்னக் குல்லா. கடைப் பையன் எங்கள் இருவரையும், "கம் இன் ஸார், ஒன்லி லுக்கிங்!" என்றான். பெரியவர் சுத்த மலையாளத்தில் பதில் சொன்னதும் பையன் வாயடைத்தான்.

1954ல் ஒன்பது வயதில் போனவராம். நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற ஊர். அவருடைய ஸினகாக் இதல்ல, தெருக்கோடியில் இருக்கிற கடவும்பாகம். அதன் மர வேலைப்பாடுகளை 1990களில் ஜெருசலேம் மியூசியத்துக்குக் கொண்டுபோனார்கள். 2019 மழையில் இங்கே முன்சுவர் விழுந்தது.

"உள்பக்கத்தை அங்கே டிக்கெட் வாங்கிப் பார்த்தேன் மோனே. வெளிப்பக்கத்தைப் பார்க்க விமான டிக்கெட்" என்று சிரித்தார். இந்த இரண்டு கதவில் எது அவர் வீடு என்று அவருக்கும் நிச்சயமில்லை. எது அப்பாவின் மண்டி என்று எனக்கும் தெரியவில்லை. நான்கைந்து நிமிஷம் சும்மா நின்றோம். அப்பாவோடு வந்திருந்தால் ஒரு விநாடியில் சொல்லியிருப்பார்.

பையன் மிளகுப் பாக்கெட்டை நீட்டினான். பெரியவர் பிரித்து முகர்ந்தார், ஒரு தும்மல் போட்டார், மலையாளத்தில் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கினார். எனக்கும் ஒன்று கேட்டேன், தமிழில்.

பழைய விலையே சொன்னான்.