லாபம் இருப்பவனுக்கே சலுகை

ஆராய்ச்சிக்கு வரிச்சலுகை என்றதுமே நம்ம தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். முதலாளி சமாச்சாரம், நமக்கென்ன என்று. போகிற பணம் யார் பணம்?

1961 வருமான வரிச் சட்டத்தில் 35(2ஏபி) என்றொரு பிரிவை 1997இல் நுழைத்தார்கள். கம்பெனி தன் சொந்த ஆராய்ச்சிக்கூடத்தில் 100 ரூபாய் செலவழித்தால் 125 என்று கணக்கு எழுதலாம். அது 150 ஆகி, 2010 பட்ஜெட்டில் 200 ஆனது. 30 சதவீத வரி கட்டுகிறவனுக்கு 200 ரூபாய்க் கழிவு என்றால் வரியில் 60 மிச்சம். நூறில் அறுபது பொதுப்பணம்! 2017இல் 150க்கு இறக்கி, 2020இல் 100க்குக் கொண்டுவந்தார்கள். இவ்வளவு கொடுத்தும் 2020-21இல் நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி அரசாங்கம் போட்டது.

இங்கே சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்துக்குள் வாழ்கிறோம். எனக்குத் தெரிந்த தறி மெக்கானிக் தம்பி ஒருத்தன், பாவு நூல் அறுந்தால் பழைய தறியும் தானே நிற்கும்படி கம்பியும் பேட்டரியும் வைத்து ஒன்று செய்தான். ஆராய்ச்சி இல்லாமல் அது வேறென்ன? ஆனால் அவன் கம்பெனி இல்லை. டெல்லி அங்கீகரித்த ஆராய்ச்சிக்கூடம் இல்லை. எல்லாத்துக்கும் மேல, வரி கட்டுற அளவுக்கு லாபம் இல்லை. இல்லாத வரியில் என்னத்தக் கழிக்க? போல்ட்டு வாங்கினால் மட்டும் ஜிஎஸ்டி கொடுக்கணும்.

சலுகை யார் கைக்குப் போகிறதோ, அவன் கேள்விதான் ஆராய்ச்சியாகிறது. மலக்குழியில் இறங்கிச் சாகிறது நம்ம சனம். தடைச்சட்டம் 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் ‘பண்டிகூட்’ எந்திரம் 2018இல்தான் வந்தது. கொண்டுவந்தது பெரிய கம்பெனிக் கூடம் அல்ல, கேரளத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள். அந்த மாநிலப் புத்தொழில் இயக்கமும் குடிநீர் வாரியமும் கைகொடுத்தன.

வேறு வழி இல்லாமல் இல்லை. நார்வேயில் 2002இல் தொடங்கிய திட்டத்தில், வரி கட்டுமளவு லாபம் இல்லாத நிறுவனத்துக்குச் சலுகைத் தொகை ரொக்கமாகவே போகிறது. தமிழக அரசும் 2022இல் தலித், பழங்குடிப் புத்தொழில்களுக்கு 30 கோடி ரூபாய் நிதி அறிவித்தது. நல்லது. ஆனால் பங்கு முதலீடு என்பதால் கம்பெனியாகப் பதிந்தவர்தான் அதை நெருங்க முடியும்.

தறிக்கூடத்திலும் தோல் பட்டறையிலும் யோசிக்கிறவனுக்குச் சாமான் வாங்க, சோதித்துப் பார்க்க, காப்புரிமைக்கு விண்ணப்பிக்க முன்பணமாகக் கையில் காசு வேண்டும். மாணவத் தோழர்களே, அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் மனு எழுதும்போது இதையும் சேருங்க.