‘எலிதானே’ என்று முடித்துவிட முடியாது

ஆய்வுகூட எலிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் “எலிதானே, விடுங்க” என்பதோடு கதை முடிந்துவிடும். யானை என்றால், தெருநாய் என்றால் ஆளுக்கொரு கருத்து இருக்கும். எலி என்றதும் சிரிப்புத்தான் வரும்.

எங்களுக்கு அந்தத் ‘தானே’ பிடிக்கவில்லை. ‘தோட்டத்து ஆளுங்கதானே’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மனுசரையும் எலியையும் ஒரே தராசில் வைக்க வரவில்லை. கவனிக்க வேண்டிய ஒன்றைக் கவனிக்காமல் விடுவதற்கு அந்தச் சொல் எவ்வளவு வசதியானது என்று எங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

முதலில், இந்த எலி எங்கள் வாழ்க்கையில் எங்கே வருது? எல்லயிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கினால் வயலோரத்தில் நாகமும் கண்ணாடி விரியனும் உண்டு. கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே ஏற்றுகிற விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பது, சென்னைக்குப் பக்கத்தில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். மருந்து வேலை செய்யுமா என்று சுண்டெலியில்தான் பார்க்கிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. விஷத்தையும் மருந்தையும் கலந்து ஊசி போட்டுவிட்டு எத்தனை பிழைக்கிறது, எத்தனை சாகிறது என்று எண்ணுவார்கள். ஒரு மில்லிலீற்றர் மருந்து 0.6 மில்லிகிராம் நாக விஷத்தை முறிக்க வேண்டும் என்பது இந்திய அளவுகோல். அந்த 0.6 சரியா என்று பார்க்கச் சுண்டெலிகள் சாகின்றன.

இன்னொன்று. இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கிற விஷப்பாம்பு, மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கிற சின்ன விரியன். தோட்டங்களில் சருகுக்குள்ளே, காலடியில் கிடக்கும். இந்திய மருந்து அதற்குக் கேட்காது. அதற்கும் ஒரு மருந்து வரணும் என்று கேட்பவர்கள் நாங்கள். வந்தால் அதைச் சோதிக்கவும் இப்போதைக்குச் சுண்டெலி தேவைப்படும். அதனால் ‘எல்லாத்தையும் இன்றைக்கே நிறுத்து’ என்று எழுத எங்களால் முடியாது.

நாங்கள் சொல்வது இதுதான். எலி வேண்டும் என்று சொல்கிற வரைக்கும், அந்த எலி எப்படி வாழுது, எப்படிச் சாகுது என்பதற்கும் நாம்தான் பொறுப்பு. இரக்கமுள்ளவர் செய்யட்டும் என்று விடுகிற விசயம் இல்லை இது. சட்டமாகவும், ஒழுங்கான சம்பளம் உள்ள வேலையாகவும் இருக்க வேண்டும்.

‘லயத்தில் பொறி வைக்கிறீங்க, விஷம் வைக்கிறீங்க, ஆய்வுகூட எலிக்கு மட்டும் கண்ணீரா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எலிக்காய்ச்சல் வந்தவரைப் பார்த்த யாரும் வீட்டு எலிக்கு வக்காலத்து வாங்க மாட்டார்கள். ஆனால் வீட்டு எலி தானாக வந்தது, ஓடவும் அதற்கு வழி இருக்கு. ஆய்வுகூட எலியை நாம்தான் இனப்பெருக்கி வளர்க்கிறோம், நாம்தான் பூட்டுகிறோம். அதன் சாப்பாடு, வெளிச்சம், குளிர், துணை எல்லாம் நம் கையில். பூட்டி வைத்தவருக்குக் கடமை கூடத்தான்.

அந்தக் கடமையைச் செய்ய எலியைத் தெரிந்திருக்க வேண்டும். மனுசருக்கு வசதியான 20, 22 பாகை அறை சுண்டெலிக்குக் குளிர். அதன் உடம்புக்கு இதமானது 30 பாகை அளவு. மார்கழியில் எல்லயில் கம்பளி இல்லாமல் இரவு முழுக்கப் படுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். கிழித்த காகிதம் கொஞ்சம் போட்டால் அது தானே கூடு கட்டிக்கொள்ளும். எலி இரவில் நடமாடும் பிராணி. நாமோ பகல் வெளிச்சத்தில், அது தூங்குகிற நேரத்தில் எழுப்பிச் சோதிக்கிறோம். வெள்ளை எலியின் கண்ணை அதிக வெளிச்சம் கெடுத்தே விடும்.

தூக்குகிற விதத்தைப் பாருங்கள். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் காலங்காலமாக வழக்கம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலிகள் பதற்றம் கூடி மனுசக் கையைக் கண்டாலே ஒதுங்கின. ஒரு குழாய்க்குள் போகவிட்டோ, இரண்டு கையையும் குவித்தோ தூக்கியவை அப்படி ஒதுங்கவில்லை. யாக் பாங்க்செப் என்ற விஞ்ஞானி எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தார். நம் காதுக்குக் கேட்காத 50 கிலோஹேர்ட்ஸ் அளவில் அவை சத்தம் போட்டன. விளையாடும்போது போடுகிற அதே சத்தம். பயந்தால் வருவது வேறு, சுமார் 22 கிலோஹேர்ட்ஸ். அமைதியாக இருக்கு என்று நாம் நினைக்கிற அறையில் நமக்குக் கேட்காத எவ்வளவோ நடக்கலாம்.

இதில் விஞ்ஞானத்தின் நன்மையும் இருக்கு. பயத்திலும் குளிரிலும் இருக்கிற உடம்பு வேறு மாதிரி வேலை செய்யும். அதில் எடுத்த அளவை மருந்தின் விளைவு என்று எப்படி நம்புவது? நம்ப முடியாத சோதனை என்றால் அந்த எலி வீணாகத்தான் செத்தது. 1959இலேயே ரஸல், பர்ச் என்ற இருவர் மூன்று வழி சொன்னார்கள்: வேறு முறை இருந்தால் மாற்று, இல்லையென்றால் எண்ணிக்கையைக் குறை, அதற்கும் மேல் வலியைக் குறை. நடக்காத கதை இல்லை. வெறிநாய்க்கடியை உறுதிப்படுத்த, செத்த நாயின் மூளைப் பகுதியைச் சுண்டெலிக்கு ஏற்றி 28 நாள் வரை பார்த்திருந்த முறையொன்று உலகமெங்கும் இருந்தது. இன்று நுண்ணோக்கியில் ஒளிரும் எதிர்ப்பொருளை வைத்துச் சில மணி நேரத்தில் சொல்கிறார்கள். எலிக்கும் நல்லது, கடிபட்டவருக்கும் நல்லது.

பராமரிப்பு என்றால் அதைச் செய்கிற ஆளும்தான். கூண்டு கழுவுவது, தண்ணீர் போத்தல் மாற்றுவது, எந்த எலி சாப்பிடாமல் மூலையில் குறுகிக் கிடக்கு என்று முதலில் பார்ப்பது பேராசிரியர் இல்லை, அங்கே வேலை செய்கிற தொழிலாளி. செடியின் நோயைக் கொழுந்து எடுக்கிற கை கண்டுபிடிக்கிற மாதிரி. எலியின் முடியும் சிறுநீரும் வருடக்கணக்கில் மூக்கில் ஏறினால் ஒவ்வாமை, இழைப்பு வரும். இது உலகமறிந்த தொழில்நோய். அவருக்கு முகக்கவசம், பயிற்சி, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று ஆள் இல்லையென்றால் எலி நலன் என்பது வெறும் பேச்சு. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததே. காற்று வரும் வழியெல்லாம் மின்விசிறியை நம்பியிருக்கிற ஓர் எலி அறையில் அந்த நேரத்தில் யார் போய்க் கதவைத் திறப்பது?

சட்டத்தைப் பார்த்தால் வெட்கமாக இருக்கு. விலங்குக் கொடுமையைத் தடுக்க நம் நாட்டில் வந்த கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுடையது. அதில் எழுதிய தண்டப்பணம் நூறு ரூபாய். எல்ல டவுனில் அந்தக் காசுக்கு ஒரு ரொட்டியும் ப்ளேன்டீயும் வராது. சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய சட்டத்துக்கு வரைவு தயாரித்துக் கொடுத்தும் விசயம் வருடக்கணக்காக இழுபட்டது. நம் சில பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுக்கள் இருக்கின்றன, நல்லது. ஆனால் குழு நல்லபடி நடப்பது ஆட்களின் மனசைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. பக்கத்து இந்தியாவில் 1960 சட்டமும் 1998 விதிகளும் இருக்கு. அங்கே சோதனை செய்கிற நிறுவனம் ஒவ்வொன்றும் குழு அமைத்து அனுமதி பெற வேண்டும். அந்தக் குழுவில் விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவருக்கும் இடம் உண்டு. அங்கேயும் எல்லாம் சரியாக நடக்குது என்று சொல்ல வரவில்லை. கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கு என்கிறோம்.

கலைப்பீடத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில், அந்த இடம்தான். விஞ்ஞானி அல்லாத ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் உட்கார வேண்டும் என்று இங்கேயும் சட்டத்தில் எழுதக் கேட்கிறோம். அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் கெம்பஸில் விஞ்ஞானம், மருத்துவம், விவசாயம் படிக்கிற நண்பர்கள் இருப்பார்கள். சண்டைக்குப் போகாமல் கேட்டுப் பாருங்கள்: எலியை எப்படித் தூக்குறீங்க? கூடு கட்ட ஏதாவது போடுறீங்களா? இத்தனை எலி வேண்டும் என்று யார் கணக்குப் போட்டது? ஞாயிற்றுக்கிழமை யார் வர்றாங்க? கரண்ட் போனால் என்ன நடக்கும்?

பதில் தெரிந்தவர் எங்களுக்கும் எழுதுங்கள். “எலிதானே மச்சான்” என்று மட்டும் பதில் வந்தால், அடுத்த கேள்வியை இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்போம்.