பென்சில்ல தேச்சா பிரேக் தெரியுமா?

எங்க வீட்டு புல்லட் போன கார்த்திகையில எஃப்.சி. பாஸ் ஆச்சு. பாஸ் ஆன இருபத்து மூணாம் நாள் அதே வண்டியிலிருந்து நானும் வீட்டுக்காரம்மாவும் கீழே விழுந்தோம். பாஸ் ஆனதுக்கும் விழுந்ததுக்கும் நடுவுல இருக்கிற சங்கதியைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

வண்டி 1986 மாடல். திருவொற்றியூர் ஃபேக்டரியில செஞ்சது. எங்கப்பா செகண்ட் ஹேண்டா வாங்கினார். கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. முன்னாடியும் டிரம் பிரேக், பின்னாடியும் டிரம் பிரேக். சென்னை, பெங்களூருல இந்த மாதிரி வண்டிக்கு 'கிளாசிக்'னு பேர் வச்சு, ஞாயித்துக்கிழமை துடைச்சு போட்டோ எடுக்கிறாங்க. கம்பைநல்லூர்ல அது பால் கேன் தூக்குற வண்டி, புண்ணாக்கு மூட்டை ஏத்துற வண்டி, மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போய் சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வர்ற வண்டி. ஆசைக்கு வச்சிருக்கலை, தேவைக்கு வச்சிருக்கோம்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் வண்டியைக் கொண்டு போய்க் காட்டி, ரோட்டுல ஓட்டத் தகுதியா இருக்குன்னு மோட்டார் வாகன ஆய்வாளர் சொன்னாத்தான் புதுப்பிப்பாங்க. எங்க பக்கம் இதையும் எஃப்.சி.ன்னுதான் சொல்லுவோம். பைக்குக்கு இதுக்கு 300 ரூபாய் கட்டணம் இருந்துச்சு. 2022 ஏப்ரல்ல 1,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின பைக்குன்னா 2,000னு ஆக்கிட்டாங்க. தேதி தப்பினா மாசத்துக்கு 300 தண்டம். பசுமை வரி தனி.

சரி, கட்டியாச்சு. அந்த 2,000 ரூபாய்க்கு என்ன பாத்தாங்க?

ஆபீஸ் பேரும் வேண்டாம், அதிகாரி பேரும் வேண்டாம். அந்த மனுஷன் மேல எனக்குக் கோபமில்லை. வெயில்ல நீள வரிசை. லாரி, பள்ளிக்கூட வேன், டிராக்டர், நடுவுல என் புல்லட். என் முறை வந்துச்சு. இன்சூரன்ஸ் பாத்தாங்க. புகைச் சான்று பாத்தாங்க. சேசிஸ் நம்பர் மேல பேப்பரை வச்சு பென்சிலால தேச்சு எடுத்த அச்சைப் பாத்தாங்க. அது ஆர்.சி.யோட ஒத்துப் போச்சு. "பழைய வண்டி, நல்லா வச்சிருக்கீங்க" என்றார். முடிஞ்சது.

வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லலை. பிரேக்கைப் பிடிச்சுக் காட்டச் சொல்லலை. ஹேண்டில்பாரை ஆட்டிப் பாக்கலை. சக்கரத்தைச் சுத்திப் பாக்கலை. நானும் கேக்கலை. வேலை சீக்கிரம் முடிஞ்சதேன்னு சந்தோஷமா வந்துட்டேன். அந்த வாரம் வண்டியை மெக்கானிக்கிட்ட விடலாம்னு இருந்தேன். அரசாங்கமே பாத்து அஞ்சு வருஷம் ஓட்டுன்னு கொடுத்தப்புறம் எதுக்கு வீண் செலவுன்னு விட்டுட்டேன். இந்த இடத்தை மறக்காதீங்க, திரும்ப வருவேன்.

மார்கழிப் பனி. காலையில சொசைட்டியில பால் ஊத்திட்டுத் திரும்பி வர்றோம். ஏரிக்கரை இறக்கத்துல எதிர்ல ஆட்டு மந்தை. முன் பிரேக்கைப் பிடிச்சேன். 'டக்'குன்னு ஒரு சத்தம், லீவர் சும்மா கைக்கு வந்துடுச்சு. பின் பிரேக்கை மிதிச்சா வண்டி நிக்கலை. ஆடுங்க மேல விடக்கூடாதுன்னு ஓரமா ஒடிச்சேன். மண்ணுல சறுக்கி ரெண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முட்டியில சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. மாடு கறக்கிறது அவதான். என் கை பட்டா எங்க மாடு பால் விடாது. ஆறு வாரமும் பக்கத்து வீட்டு அக்கா வந்து கறந்து கொடுத்தாங்க.

வண்டியைப் பிரிச்ச மெக்கானிக் தம்பி ரெண்டு பொருளை என் கையில கொடுத்தான். ஒண்ணு, முன் பிரேக் ஒயர். லீவர்கிட்ட, குண்டு மாட்டுற இடத்துல, இழை இழையா அறுந்து துரு ஏறியிருந்துச்சு. "ஒரே நாள்ல அறுந்ததில்லைண்ணா, மாசக்கணக்கா அறுந்திருக்கு" என்றான். இன்னொண்ணு, பின் பிரேக் ஷூ. லைனிங் தேஞ்சு கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகியிருந்துச்சு. "எஃப்.சி. காட்டுன அன்னைக்கு லீவரை அமுக்கி ஒயர் முனையைப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை" என்றான்.

இதுக்கு நேர் எதிரான கதை ஒண்ணும் இருக்கு. என் பங்காளிகிட்ட ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 இருக்கு. அந்த மாடலை 1996-லயே நிறுத்திட்டாங்க. அவன் அதை மாப்பிள்ளை மாதிரி கவனிப்பான். பிரேக் தொட்டா நிக்கும். அதைத் திருப்பி அனுப்பிட்டாங்க. சேசிஸ் நம்பர் துருப்பிடிச்சு அச்சு சரியா விழலையாம். திருட்டு வண்டியான்னு பாக்க நம்பர் வேணும், அது நியாயம்தான். ஆனா ரெண்டு வண்டியையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாருங்க. நிக்கிற வண்டி ஃபெயில், நிக்காத வண்டி பாஸ். அப்போ சோதிச்சது வண்டியையா, பேப்பரையா?

இப்போ நான் மறக்காதீங்கன்னு சொன்ன இடத்துக்கு வர்றேன். சோதனையே இல்லைன்னா நான் மெக்கானிக்கிட்ட போயிருப்பேன். பேருக்கு ஒரு சோதனை நடந்ததாலதான் போகலை. என் சோம்பேறித்தனமும் இதுல பாதி, அதை மறைக்கலை. ஆனா பாக்காமலே பாத்தேன்னு எழுதிக் கொடுக்கிற சீட்டு, சீட்டே இல்லாததை விட மோசம். அது கண்ணைக் கட்டி இறக்கத்துல விடுற வேலை.

நாங்க சோதனைக்குப் பயந்தவங்க இல்லைங்க. நான் ஊத்துற பாலை ரெண்டு வேளையும் சோதிக்கிறாங்க. கொழுப்பு எவ்வளவு, மத்த சத்து எவ்வளவுன்னு பாத்துத்தான் காசு. சான்று விதைன்னு மூட்டையில நீலச் சீட்டு கட்டி வருதே, அது சும்மா வராது. மாதிரி எடுத்து, முளைக்கப் போட்டு, எண்ணிப் பாக்கிறாங்க. நெல்லுன்னா நூத்துக்கு 80 முளைக்கணும், கடலைன்னா 70. மூட்டை மேல இருக்கிற நம்பரைப் பென்சிலால தேச்சுட்டு 'நல்லா முளைக்கும்'னு யாரும் எழுதிக் கொடுக்கிறதில்லை. விதைக்கு இருக்கிற மரியாதை உசுருக்கு வேண்டாமா?

சில பேர் சொல்றாங்க: "பழைய வண்டியை எல்லாம் காயலான் கடைக்குப் போடுங்க, பிரச்சனை தீந்துடும்." டெல்லியில அப்படித்தான் நினைச்சாங்க. 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிக்கு 2025 ஜூலை 1-லருந்து பங்க்ல பெட்ரோல் கிடையாதுன்னாங்க. சில நாள்லயே நிறுத்தி வச்சாங்க. ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றமும், வயசை மட்டும் வச்சு ஓனர்கள் மேல நடவடிக்கை வேண்டாம்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. அறுந்து போற ஒயருக்கு வண்டி வயசு தெரியாதுங்க. மூணு வருஷ வண்டியிலும் அறும். ஒயரை மாத்திட்டா நாப்பது வருஷ வண்டியும் நிக்கும்.

இன்னொரு பக்கம் கிளாசிக் வண்டிப் பிரியர்கள்: "எங்க வண்டியை எல்லாம் சோதிக்காதீங்க, விட்டுடுங்க." அதையும் ஏத்துக்க மாட்டேன். 50 வருஷம் தாண்டி, மாத்தாம வச்சிருக்கிற வண்டிக்கு 2021-ல தனி விதியே வந்துடுச்சு. பதிவுக் கட்டணம் 20,000. கண்காட்சி, ராலி மாதிரி காரியத்துக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம், தினப்படி ஓட்டக் கூடாது. வசதி இருக்கிறவங்களுக்கு அது போதும். பால் கேனுக்கு அதுல இடமில்லை. தினம் ரோட்டுல ஓடுற வண்டியைத் தினம் ஓடுற வண்டியாத்தான் சோதிக்கணும்.

"ஆய்வாளர் கம்மி, வண்டி அதிகம், எப்படிப் பாக்க முடியும்?"னு கேப்பாங்க. உண்மைதான். அப்போ 300-ஐ 2,000 ஆக்கின காசுல ஆளைப் போடுங்க. மெஷின் வச்சு சோதிக்கிற நிலையங்களுக்கு ஒன்றிய அரசு 2021-லயே விதி போட்டாச்சு. உருளை மேல சக்கரத்தை ஏத்தி பிரேக் எவ்வளவு பிடிக்குதுன்னு அளக்கலாம். அது எங்க ஊர்ப் பக்கம் வர்ற வரைக்கும் மெஷின் இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கு. வண்டியை இருபது அடி ஓட்டி, முன் பிரேக்கைத் தனியா, பின் பிரேக்கைத் தனியா பிடிச்சுக் காட்டச் சொல்லுங்க. ஒயர் முனையைப் பாருங்க. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை ஆட்டிப் பாருங்க. டயரைத் தடவிப் பாருங்க. விளக்கைப் போட்டுப் பாருங்க. பாத்ததை ஒரு தாள்ல எழுதி ஓனர் கையில கொடுங்க.

இந்தத் தாள்தான் முக்கியம். புல்லட் பொறந்த இங்கிலாந்துல எம்.ஓ.டி.ன்னு வருஷா வருஷம் ஒரு சோதனை. எது பழுது, எது சீக்கிரம் பழுதாகும்னு தனித்தனியா எழுதிக் கொடுக்கிறாங்க. வண்டி நம்பரைத் தட்டினா பழைய சோதனைக் கணக்கை யாரும் பாக்கலாம். 40 வருஷம் தாண்டி, பெருசா மாத்தாம இருக்கிற வண்டிக்கு 2018-லருந்து அங்கே விலக்கு உண்டு. ஆனா வண்டியைச் சரியா வச்சு ஓட்ட வேண்டிய பொறுப்பு ஓனரை விட்டுப் போகாது. என் கையில இருக்கிற ஆர்.சி.யில அடுத்த அஞ்சு வருஷத்துக்கான தேதி இருக்கு. பிரேக்கைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த தடவை உங்க வண்டிக்கு முறை வரும்போது, வேலை சீக்கிரம் முடிஞ்சதேன்னு என்னை மாதிரி கிளம்பி வந்துடாதீங்க. "சார், பிரேக்கையும் ஒருதரம் பாத்துடுங்க"ன்னு வாயைத் திறந்து கேளுங்க. பத்து பேர் கேட்டா பதினோராவது வண்டிக்கு அவங்களே பாப்பாங்க.

வீட்டுக்காரம்மா கட்டுப் பிரிச்சாச்சு. கறக்க ஆரம்பிச்சுட்டா, ஆனா குளிர்ல கை இன்னும் வலிக்குதாம். வண்டியில ஏறதுக்கு முன்னாடி அவளே முன் பிரேக்கைப் பிடிச்சு, வண்டியை ஒருதரம் தள்ளிப் பாக்கிறா. சக்கரம் உருளலைன்னாத்தான் ஏறி உக்காருறா. கட்டணம் எதுவும் வாங்குறதில்லை.