பெட்ரோல் கணக்கும் என் தம்பியும்

ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் அண்ணன்மாருக்கு ஒரு வியாதி உண்டு. அனுப்பின ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேட்கும் வியாதி. எனக்கு முற்றிய கேஸ். பி.காம் படித்துவிட்டு பேங்க்கில் வேறு வேலை பார்க்கிறேன் இல்லையா :-)

வீடு கோலார் தங்கவயலில், பாலகாட்டில். பழைய சுரங்க லைன் வீடுதான். நைனா 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடும் வரை அங்கே ஃபிட்டர். நான் இருப்பது மஸ்கட்டில். வாசலில் நிற்கும் ஏழு சீட் பெட்ரோல் எஸ்யூவி என் பெயரில், சாவி தம்பியிடம். மாதம் இரண்டு தடவை நைனாவை பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், போக வர சுமார் 200 கிலோமீட்டர். அதற்காகத்தான் அந்த வண்டியே.

ஆரம்பத்தில் ஹைவேயில் லிட்டருக்கு 12 கொடுத்தது. போன வருடம் என் கணக்குப்படி 9. பெங்களூர் ட்ரிப்புக்குப் பதினேழு லிட்டர்கூட ஆகாத இடத்தில் இருபத்திரண்டுக்கு மேல் பில் வருகிறது. மீதி ஐந்தரை லிட்டர் எங்கே? எக்செல் ஷீட் போட்டு நான் கண்டுபிடித்த பதில்: தம்பி வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறான். போனிலேயே கேட்டும் விட்டேன், "வண்டி வேற எங்கனா ஓடுதாடா?"

அவன் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து பெட்ரோல் போடும்போதெல்லாம் ஓடோமீட்டர் போட்டோ மட்டும் வர ஆரம்பித்தது. கூடவே ஒரு வார்த்தை கிடையாது.

நைனாதான் பேசினார். "ஷிஃப்ட் முடிஞ்சி மேல வந்தா தங்கம் திருடுறோமான்னு எங்களை சோதனை போடுவானுங்க. இப்ப நீ கூடப்பொறந்தவனை சோதனை போடுறியா?" 1930-ல் கைரேகை பதிவு செய்யச் சொன்னதற்காகவே மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்த ஊர் எங்களுடையது. அந்த ஊர்க்காரன் நான், சொந்தத் தம்பியிடம் ஓடோமீட்டர் ரேகை வாங்கிக்கொண்டிருந்தேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், கணக்கே தப்பு. பில்லை ட்ரிப் எண்ணிக்கையால் வகுத்திருந்தேன். வாடகைக்கு ஓடியிருந்தால் ஓடோமீட்டரில் கிலோமீட்டர் கூடியிருக்கும், லிட்டருக்கு எவ்வளவு என்பது மாறியிருக்காது. தம்பி அனுப்பிய போட்டோக்களைக் கூட்டிப் பார்த்தால் கிலோமீட்டர் அச்சு அசலாகச் சரி. லிட்டர்தான் அதிகம். குடித்தது வண்டி. ஒரு செக் திரும்பினால் ஸ்டேட்மென்ட் பார்க்காமல் கஸ்டமரைத் திருடன் என்போமா? வீட்டு மனுஷர்களிடம் மட்டும் கூசாமல் சொல்லிவிடுகிறோம்.

அடுத்த கூத்து சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் ஒன்று இருக்கிறது. இன்ஜெக்டர் க்ளீனிங், ப்ளக், ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார், டீகார்பனைசிங் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட். "எரர் கோட் ஏதாவது வந்ததா?" "இல்ல சார், சேஃப்டிக்குத்தான்." எதையாவது அளந்து பார்த்தார்களா? இல்லை. ஏர் ஃபில்டரையே எடுங்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-லேயே சோதித்துச் சொல்லிவிட்டது: இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் பெரிதாக மாறுவதில்லை, பிக்கப்தான் அடிபடும். காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. இருந்தும் எஸ்டிமேட்டில் அந்த வரி போகவே மாட்டேன் என்கிறது. நாமும் தூரத்தில் இருக்கும் குற்ற உணர்ச்சியில் "போட்டுடுங்க" என்று சொல்லி பணத்தை அனுப்பிவிடுகிறோம்.

நான் அனுப்பவில்லை. லீவில் போனேன். முதல் வேலை, அளப்பது. ஒரே பங்க்கில் ஆட்டோ கட் ஆகும் வரை ஃபுல் டேங்க், ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்வது, ஓட்டிவிட்டு வந்து அதே பங்க்கில் மறுபடி ஆட்டோ கட் வரை. இப்படி மூன்று தடவை. டேஷ்போர்டு காட்டும் நம்பர் தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் சர்டிபிகேட், அதை நம்பவில்லை. ராபர்ட்சன்பேட் மார்க்கெட் ஓட்டத்தையும் ஹைவே ஓட்டத்தையும் தனித்தனி லெட்ஜரில் வைத்தேன். இன்ஜின் சூடாகும் முன்பே அணைத்துவிடும் ஓட்டத்தில் பெட்ரோல் கூடத்தான் போகும். ஹைவே கணக்கு 9.1. குறைவு நிஜம்தான்.

நோயைக் கண்டுபிடித்தது திண்ணையில் உட்கார்ந்திருந்த நைனா. "முன்னெல்லாம் இந்த எறக்கத்துல ஹேண்ட் பிரேக்கை விட்டா தானா உருளும். இப்ப அப்படியே நிக்குது, பாத்தியா?"

ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றினோம். முன்பக்க வலது சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. பிரேக் காலிப்பர் பின்கள் துருப்பிடித்து இறுகி, பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்திருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் அசையாமல் நிற்கும் வண்டியில் இது சகஜம். வெளிநாட்டுக்காரன் வாங்கி வாசலில் நிறுத்திய வண்டிகளில் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட். ஒரு சின்ன ஓபிடி ரீடரைச் செருகி ஓட்டினால் கூலன்ட் சூடு 65 டிகிரியைத் தாண்டவில்லை. 90 பக்கம் இருக்க வேண்டும். வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டதால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. "முள்ளு ஏறவே மாட்டேங்குது அண்ணா" என்று தம்பி ஆறு மாதம் முன்பே சொன்னான். "சூடாகலேன்னா நல்லதுதானடா" என்று போனை வைத்தவன் நான்தான்.

டயரில் காற்று 33-க்குப் பதில் 24. அது சின்ன விஷயம்.

ராபர்ட்சன்பேட் மெக்கானிக் ஒருவர் பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, புது பேட், தெர்மோஸ்டாட், கூலன்ட் எல்லாம் போட்டு வாங்கியது 7,400 ரூபாய். அடுத்த மூன்று ஃபுல் டேங்க்கின் சராசரி 11.2.

12 ஏன் வரவில்லை? அது எத்தனால். அளவுக்கு அளவு பார்த்தால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய வடிவமைப்புக் கார்களில் 20 சதவீதக் கலப்பால் 6-7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. 12-ல் அதைக் கழித்தால் கிட்டத்தட்ட 11.2. "எல்லாம் இந்த ஈ20 பண்ற வேலை சார்" என்று நம் ஆட்கள் புலம்புவதில் நியாயம் அவ்வளவுதான். எனக்குக் குறைந்தது 25 சதவீதம். எத்தனாலைத் திட்டிக்கொண்டே இருந்திருந்தால் அந்தச் சக்கரம் ஒருநாள் ஹைவேயில் தீப்பிடித்திருக்கும், உள்ளே நைனாவோடு.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுண்ணா" என்றான். இனி போட்டோ அனுப்பாதே என்றும் சொல்லியிருக்கிறேன். இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.