குரல் நடுங்கினால் பயம்தானா?

இன்டர்வியூவில் ஒருவரின் குரல் உடைந்து உடைந்து வந்தால், 'பயப்படுறார்'னு உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அது 'ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா'வாகவும் இருக்கலாம். குரல்வளைத் தசைகளை மூளை இயக்குவதில் ஏற்படும் கோளாறு இது. முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. குரல்வளைத் தசையில் போட்டாக்ஸ் ஊசி போட்டால் சில மாதங்கள் பேச்சு ஓரளவு சீராகும். அப்புறம் மறுபடி ஊசிதான்.

அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் டயான் ரெம்முக்கு 1998-ல் இது கண்டறியப்பட்டது. ஆனாலும் 2016 வரை நிகழ்ச்சியை நடத்தினார். குரல் உடைந்தாலும் வேலை நடக்கும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

நம்ம ஆபீஸ்கள் செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். போன் காலுக்குப் பதில் சாட் போதும்னு சொல்லுங்க. மீட்டிங்கில் அவர் பேசி முடிக்கிற வரை காத்திருங்க. வேலைக்கு ஆள் எடுக்கும்போது, பதில் எப்படி ஒலிக்குதுன்னு பார்க்காம, அதில் என்ன இருக்குன்னு பாருங்க.